சத்தமே போடாத ஏசி

எங்க வீட்டு விண்டோ ஏசியைப் பார்க்க இன்னிக்கு மெக்கானிக் ரஹீம் பாய் வந்தார். கழட்டிப் பார்த்துட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"கம்ப்ரஸர் போச்சு சார். இனிமே இதுக்குச் செலவு பண்றது வேஸ்ட். புதுசா ஸ்ப்ளிட் போட்டுடுங்க. ஓடறதே தெரியாது."

அதுதான் பாய், பிரச்சினையேன்னு மனசுக்குள்ள சொல்லிக்கிட்டேன்.

கீழ்க்கட்டளையில எங்க வீடு ஒரு ரூமும் ஒரு ஹாலும்தான். ஹால்ல அம்மா. கதவுக்கு இந்தப் பக்கம் நானும் மனைவியும். இந்த ஏசி லாரி மாதிரி உறுமுற தைரியத்துலதான் இத்தனை வருஷமா எங்க சண்டை, சமாதானம், ரகசியம் எல்லாம்.

நேத்து மத்தியானம், "அஸ்தினாபுரத்துல ஒரு வீடு பார்த்து நாம மட்டும் போயிடலாங்க"ன்னு அவ சொல்லிட்டிருக்கும்போது ஏசி டக்குனு நின்னுடுச்சு. "நாம மட்டும்" கணீர்னு கேட்டுச்சு.

ஹால்ல டிவி சத்தம் கொஞ்சம் ஏறிச்சு.

அம்மா அதைப் பத்தி எங்ககிட்ட ஒண்ணும் கேட்கல. இன்னிக்கு பாய்க்கு டீ கொண்டு வந்தப்போ அவர்கிட்ட மட்டும் கேட்டாங்க.

"இதையே எப்படியாவது ஓட வச்சுடுங்க தம்பி. குளிரலைன்னாலும் பரவாயில்ல. சத்தம் வந்தா போதும்."

பாய் என்னைப் பார்த்தார். நான் மனைவியைப் பார்த்தேன். அவ ஏசியையே பார்த்துட்டு நின்னா.

மேடவாக்கம் ரோட்டு ப்ரௌசிங் சென்டர்ல உட்கார்ந்து இதை டைப் பண்றேன். வீட்டுக்குப் போகத் தெம்பில்ல.

பின்னூட்டத்துல சொல்லுங்க மக்களே. நான் இப்ப ஏசி பார்க்கறதா, வீடு பார்க்கறதா?