பேட்டரிக்கு வைத்த சந்தனம்

அந்த ஆயுத பூஜை அன்று கார் கிளம்பாமல் நின்றதற்கு நான்தான் காரணம். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் என் கொழுந்தனார் ஊரெல்லாம் சொன்ன காரணம் அது இல்லை. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

கார் என் வீட்டுக்காரருடையது. பழைய வெள்ளைக் கார். ஒலக்கூர்ப் பக்கம் இருக்கும் எங்கள் ஊரிலிருந்து திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் வாடகைக்கு ஓட்டினார். பிரசவத்துக்குப் போகிறவர்கள், கோர்ட்டுக்குப் போகிறவர்கள், பெண் பார்க்கப் போகிறவர்கள் என்று யாராவது ஏறிக்கொண்டே இருப்பார்கள். அவருக்குக் காது கொஞ்சம் மந்தம். ஹாரன் கேட்கும், சின்னச் சத்தம் கேட்காது. ஆள் பேசினால் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வார். காருக்கு உதடு ஏது? அதனால் காலையில் வண்டி மக்கர் பண்ணினால் என்னைக் கூப்பிடுவார். "இந்தா, இங்க வா. இன்னா சத்தம் வருதுன்னு கேளு."

நான் பானட்டுக்குப் பக்கத்தில் நிற்பேன். அவர் சாவியைத் திருப்புவார். என் குரல் எனக்கே பாதிதான் கேட்கும், அவருக்கு எங்கே கேட்கப்போகிறது? கையால் காட்டுவேன். ஒரு விரலை நீட்டினால், 'டொக்' என்று ஒரே சத்தம். ஐந்து விரலையும் ஆட்டினால், 'டிக் டிக் டிக்' என்று விடாமல் அடிக்கிறது. கையை மூடினால் சத்தமே இல்லை. விரலைச் சுற்றிக் காட்டினால் மோட்டார் சும்மா சுற்றுகிறது, இன்ஜினைப் பிடிக்கவில்லை. அவர் இறங்கி வந்து திறந்து பார்ப்பார். ஏன் அப்படி என்று நான் கேட்காமல் விட்டதில்லை. வெளியில் வாய் திறக்காதவள் அவரிடம் மட்டும் கேட்பேன். அவரும் எரிச்சல் படாமல் சொல்வார். முப்பது வருஷம் கேட்டேன்.

அவர் போன பிறகு என் மகள் கார் ஓட்டினாள். அவர் இருக்கும்போதே அவரிடம் கற்றுக்கொண்டவள். கருமாதி முடிந்த கையோடு கொழுந்தனார் ஆரம்பித்தார். "பொம்பளப் புள்ள வாடகை வண்டி ஓட்டினா நாலு பேரு இன்னா பேசுவான்? வண்டிய எங்கிட்ட வுடுங்க அண்ணி. நான் ஒரு டிரைவரப் போட்டு ஓட்டிக்கிறேன்." நான் பதில் சொல்லவில்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன். நான் பேசாததை அவர் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்.

வருஷத் திதி கழிந்து வந்த முதல் ஆயுத பூஜை. முந்தின நாளே வந்து சொல்லிவிட்டுப் போனார். "நீங்க ஒண்ணும் கைவெக்காதீங்க அண்ணி. எங்க வூட்டுல அது வந்து பொட்டு வெக்கும்." அது என்றால் அவர் பெண்சாதி. ஆனால் காலையில் அவர்கள் வருவதற்குள் மகளும் நானும் வேலையை முடித்துவிட்டோம். வண்டியைக் கழுவினோம். பேட்டரியின் இரண்டு டெர்மினலிலும் களிம்பு பச்சையாகப் பூத்துக் கிடந்தது. அவள் ஸ்பேனரால் கிளாம்பைக் கழற்றிக் கொடுத்தாள். நான் சுடுதண்ணீர் ஊற்றி, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து, துணியால் துடைத்தேன். பிறகு சந்தனத்தைக் குழைத்து பேட்டரிக்கு, ஸ்டியரிங்குக்கு, நான்கு சக்கரத்துக்கு, பானட்டுக்கு என்று வரிசையாக வைத்தேன். குங்குமமும் வைத்தேன். என் நெற்றிக்குத்தான் கிடையாது என்றார்கள், காருக்குமா கிடையாது?

கொழுந்தனார் குடும்பத்தோடு வந்தார். பானட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். தேங்காய் உடைத்து, கற்பூரம் காட்டி, சக்கரத்துக்கு ஒன்றாக நான்கு எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. மகள் கையிலிருந்த சாவியை அவரே வாங்கிக்கொண்டு ஏறி உட்கார்ந்தார். திருப்பினார்.

டொக்.

மறுபடியும் திருப்பினார். டொக். எலுமிச்சம்பழங்கள் வைத்த இடத்தில் அப்படியே இருந்தன.

"நான் அப்பவே சொன்னனா இல்லையா?" என்றார், கூடியிருந்தவர்களைப் பார்த்து. "தாலி அறுத்தவங்க கைவெச்சா இப்படித்தான். அண்ணன் இருந்தவரைக்கும் என்னிக்காவது பூஜையில நின்னுதா? இனிமே இந்த வண்டி இந்த வூட்டுல ஆகாது. நான் இட்டுக்கினு போறேன்."

"மொதல்ல அது நவுறட்டும் சித்தப்பா, அப்புறம் இட்டுக்கினு போவீங்க" என்றாள் மகள். மறுநாள் காலையில் ஒரு அம்மாவை அவள் டயாலிசிஸுக்கு விழுப்புரம் கூட்டிப் போக வேண்டும். அந்தக் கவலை அவள் முகத்தில் தெரிந்தது.

திண்டிவனத்திலிருந்து மெக்கானிக்கை வரவழைத்தார்கள். அவன் கடையிலும் பூஜை, நெற்றி நிறைய விபூதியோடு பைக்கில் வந்து இறங்கினான். லைட்டைப் போட்டுப் பார்த்தான். பளிச்சென்று எரிந்தது. "பேட்டரி ஜம்முனு கீது" என்றான். கதவைத் திறந்து வைத்து, ஒரு கால் உள்ளே ஒரு கால் வெளியே என்று உட்கார்ந்து சாவியைத் திருப்பினான். டொக். கீழே படுத்து ஸ்பேனரால் ஸ்டார்ட்டரைத் தட்டிவிட்டு வந்து மறுபடி திருப்பினான். டொக்.

"ஸ்டார்ட்டர் பூட்ச்சி ஆயா. இன்னும் நாலு தேங்கா ஒடைச்சாலும் வராது. அவுத்து விழுப்புரம் எடுத்துக்கினு போவணும். லீவு நாளு வேற. ரெண்டு மூணு நாள் ஆவும்."

"பாத்தீங்களா?" என்றார் கொழுந்தனார். சாவியை அவனிடமிருந்து வாங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "சரி பண்ணி நேரா எங்க வூட்டாண்ட கொண்டாந்து வுட்டுடுப்பா."

நான் எதிர்ப்பக்கம் நின்றிருந்தேன். அவர்கள் காதால் மட்டும் கேட்டார்கள். நான் உள்ளே மேலே எரிந்த சின்ன விளக்கையும் பார்த்தேன். கதவு திறந்திருந்ததால் அது எரிந்துகொண்டிருந்தது. சாவியைத் திருப்பும்போது சுத்தமாக அணைந்தது, விட்டதும் வந்தது. ஸ்டார்ட்டர் செத்திருந்தால் விளக்கு அது பாட்டுக்கு எரியும். பேட்டரி இறங்கியிருந்தால் மங்கி மங்கி எரியும், 'டிக் டிக்' என்று அடிக்கும். இப்படி முழுசாக அணைந்து வந்தால் நடுவில் எங்கோ தடை இருக்கிறது. அவர் எனக்குச் சொன்னது இது.

மகளுக்குச் சாடை காட்டினேன். ஒரு விரலை நீட்டினேன், பிறகு உள் விளக்கைக் காட்டிக் கையை விரித்து மூடினேன். சின்ன வயதில் எங்கள் கைப் பேச்சைப் பார்த்து வளர்ந்தவள். "லைட்டு அணையுதா?" என்றாள். தலையாட்டினேன். பானட்டைத் தூக்கி, உள்ளே கையை விட்டு இரண்டு கிளாம்பையும் தொட்டேன். ஒன்று சாதாரணமாக இருந்தது. இன்னொன்று சுட்டது. அப்போதுதான் எனக்கு விளங்கியது. அவர் வருஷா வருஷம் பொட்டு வைத்தது பேட்டரியின் மூடி மேல். நானோ கழற்றிய டெர்மினல் ஒன்றிலேயே சந்தனத்தைப் பூசி, அதன் மேல் கிளாம்பை மாட்டச் சொல்லியிருக்கிறேன். விளக்குக்குப் போகிற கொஞ்சம் கரண்ட் சந்தனத்தைத் தாண்டிவிடும். ஸ்டார்ட்டருக்கு வேண்டியது அப்படித் தாண்டுமா?

வெட்கமாக இருந்தது. பேசாமல் இருந்தால் தப்பு வெளியே தெரியாது, ஆனால் கார் போய்விடும்.

"ஸ்டார்ட்டர அவுக்க வேணாம்" என்றேன்.

யார் பேசியது என்று எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"டெர்மினல்ல சந்தனம் வெச்சி மூடிட்டேன். காஞ்சி பூட்ச்சி. அதான் கரண்டு போவல. என் தப்புதான்."

கொழுந்தனார் சிரித்தார். "அதத்தான அண்ணி நானும் சொல்றேன். நீங்க வெச்சதுதான் தப்பு."

"எடம் தப்பு தம்பி. கை தப்பில்ல. ஒங்க வூட்டுல அது வந்து அதே எடத்துல வெச்சிருந்தாலும் வண்டி நின்னுதான் இருக்கும்."

அவர் பெண்சாதி, என் ஓரகத்தி, முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்ததை நான் பார்த்தேன்.

மகள் கிளாம்பைக் கழற்றினாள். உள்ளே மஞ்சளாக வளையம் கட்டியிருந்தது. மெக்கானிக் எட்டிப் பார்த்துவிட்டுப் பையிலிருந்து உப்புத்தாள் எடுத்துக் கொடுத்தான். நானே தேய்த்தேன். ஈயம் பளபளவென்று தெரியும்வரை விடவில்லை. மகள் மாட்டி இறுக்கினாள்.

பிறகு கொழுந்தனார் முன்னால் போய்க் கையை நீட்டினேன். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவர் முகத்துக்கு நேராக நான் நின்றதில்லை.

"சாவியக் குடுங்க தம்பி."

"நானே எடுக்கிறேன் அண்ணி, பூஜை வண்டி..."

"குடுங்க."

பையிலிருந்து எடுத்து என் கையில் போட்டார். நான் மகளிடம் கொடுத்தேன். அவள் உட்கார்ந்து திருப்பினாள். ஒரே தடவை. என் விரல் எதையும் காட்ட வேண்டியிருக்கவில்லை. நான்கு பழமும் நசுங்கி, சாறு மண்ணில் ஓடியது.

மறுநாள் விடியலில் அந்த அம்மாவைக் கூட்டிக்கொண்டு கார் விழுப்புரம் போனது. இன்றைக்கும் போய்க்கொண்டுதான் இருக்கிறது. அதற்கு அடுத்த ஆயுத பூஜைக்கும் சந்தனம் நான்தான் வைத்தேன். பானட்டில் பெரிதாக, தெருவில் போகிறவர்களுக்குத் தெரிகிறபடி. பேட்டரிக்கு மூடி மேல். கொழுந்தனார் வந்து சற்று நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். சும்மா நிற்கிறாரே என்று எலுமிச்சம்பழத்தை அவர் கையில் கொடுத்தேன். குனிந்து நான்கு சக்கரத்துக்கும் வைத்தார்.