மீன் வண்டியில் போய்ப் பெண் கேட்டோம்

தம்பிக்குப் பெண் கேட்க ராமநாதபுரத்திலிருந்து புன்னைக்காயலுக்குக் கிளம்பினோம். வேம்பார் தாண்டியதும் கார் நின்றுவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை. கூப்பிட்ட மெக்கானிக் யாரும் வரவில்லை. வெயிலில் அம்மா துவண்டுபோனார்.

கடைசியில் ஒரு மீன் வண்டி நின்றது. "புன்னைக்காயலுக்குத்தான் போறேன், ஏறுங்கக்கா" என்றார் டிரைவர். அம்மா முன்னால் ஏறினார். நானும் தம்பியும் பின்னால், மீன் பெட்டிகளுக்கு நடுவே. நான் பட்டுப்புடவையில்.

பெண் வீட்டு வாசலிலேயே அம்மா தயங்கி நின்றுவிட்டார். "எங்க மேலெல்லாம் மீன் வாடை. தப்பா நினைச்சுக்காதீங்க."

பெண்ணின் அம்மா சிரித்துவிட்டார். "இந்த வீட்டுல என்னைக்கு, மைனி, மீன் வாடை இல்லாம இருந்திருக்கு? உள்ள வாங்க."

முதல்முறை பார்க்கிறவர் அண்ணி முறை வைத்து 'மைனி' என்று கூப்பிட்டதும் அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

பெண்ணுக்கும் சம்மதம். கார்தான் இன்னும் சாலையோரம் நிற்கிறது. வேம்பார் பக்கம் நல்ல மெக்கானிக்கைத் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். திரும்பிப் போகும்போதும் மீன் பெட்டிகளுக்கு நடுவே நிற்க எனக்குத் தெம்பில்லை.