பதினேழாம் எண் வீட்டின் அசல் ஜன்னல்

பெல்மாண்ட் குரோவ் தெருவில் புதிதாகக் குடிவந்தவர்கள் வாசல் கதவுக்கு ஊதா அடித்தால், மூன்றாம் நாள் வின்னி ஓல்ட்ராய்ட் வந்து நிற்பார். திட்ட மாட்டார். வண்ண அட்டையை நீட்டி, "எது வேணா எடுத்துக்கோங்க, மூணு பச்சை இருக்கு" என்பார்.

இங்கிலாந்தின் வடகடல் துறைமுக நகரம் ஒன்றில் கப்பல் தரகர்களுக்காக விக்டோரியா மகாராணி காலத்தில் எழுந்த தெரு அது. தரகர்கள் போனபின் வீட்டுக்கு ஆறு குடித்தனம். 1973இல் அகலச் சாலை போட எல்லாவற்றையும் இடிப்பதாக நகராட்சி அறிவித்தது. மீன் ஆலையில் தட்டச்சராக இருந்த வின்னி, மாலை வேளைகளில் தெருவின் வரலாற்றை நாற்பது பக்கம் அடித்துத் தள்ளினார். அதைக் காட்டித் தெரு தப்பியது, எதை மாற்றவும் நகராட்சியின் அனுமதி வேண்டிய பாதுகாக்கப்பட்ட பகுதியாயிற்று.

அந்த நாற்பது பக்கத்தில் ஒரே ஒரு பொய். பதினேழாம் எண் வீட்டின் முகப்பு ஜன்னல் 1868இல் வைத்தபடியே நிற்பதாக எழுதியிருந்தார். பதினேழு அவருடைய வீடுதான். அசல் ஜன்னல் இரண்டாம் உலகப் போரில் குண்டு விழுந்தபோதே சட்டத்தோடு பறந்துவிட்டது. இப்போதிருப்பது தச்சரான மாமனார் ஹெர்பர்ட் துறைமுகத்து மரத்தில் செய்தது. தெருவையே காப்பாற்றும்போது ஒரு ஜன்னலுக்கு வயதைக் கூட்டினால் என்ன குறைந்துவிடும் என்று நினைத்தார்.

பல வருடம் கழித்துக் குறைந்தது கணவர் கிளிஃபர்டின் மூச்சு. எண்பத்தொரு வயது நுரையீரலுக்கு அறை கதகதப்பாக இருந்தே ஆக வேண்டும் என்றார் மருத்துவர். சட்டம் உளுத்து, இடுக்கெல்லாம் கடற்காற்று. உள்பக்கம் இன்னொரு கண்ணாடி போட்டார்கள். நடுவே நீர் கோத்துச் சுவர் பூஞ்சை பிடித்தது. இரட்டைக் கண்ணாடி பிளாஸ்டிக் ஜன்னலுக்கு விண்ணப்பித்தார் வின்னி. மறுப்பு வந்தது. காரணமாக அவர் எழுதிய வரியையே எடுத்துப் போட்டிருந்தார்கள்.

"கேக்காமலே மாத்திடு" என்றார் கிளிஃபர்ட்.

"ஒன்பதாம் நம்பர்காரங்க கேக்காம மாத்தினப்போ கழட்ட வெச்சது யாரு? நான்தானே."

"அப்ப உன்மேல நீயே புகார் குடு. ஊரையே மிரட்டினவதானே."

"வாய மூடு கிளிஃப், காத்து உள்ள போகுது."

"நான் மூடிடுவேன். அந்த ஜன்னல் மூடுதா பாரு."

உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவெடுத்தார் வின்னி. நகராட்சியின் பழங்கட்டடப் பாதுகாப்பு அதிகாரி ஜோஸ்லின் த்வைட்டை வரவழைத்து, தேநீர் கொடுத்து, ஜன்னலின் உள்பலகையைக் கழற்றிக் காட்டினார். பென்சிலில் எழுதியிருந்தது: ஹெர்பர்ட் ஓல்ட்ராய்ட், மார்ச் 1947, பாழாய்ப்போன குளிர்.

ஜோஸ்லின் மண்டியிட்டுப் படம் எடுத்தாள். எழுந்தபோது கண் கலங்கியிருந்தது.

"மிஸஸ் ஓல்ட்ராய்ட், இது எவ்வளவு அபூர்வம் தெரியுமா? விக்டோரியா காலத்து ஜன்னல் இந்தத் தெருவுல முப்பது இருக்கு. குண்டு விழுந்தப்புறம் ஒரு தச்சர் சொந்த வீட்டுக்குச் செஞ்சது இது ஒண்ணுதான்!"

"நான் பொய் எழுதினேன்னு சொல்றேன்மா."

"அதுக்கென்ன, திருத்திக்கலாம்."

"அப்ப மாத்தலாமா?"

"இதையா? இனிமே தொடவே முடியாதுங்க."

அடுத்த அறையில் கிளிஃபர்ட் சிரித்தார். சிரிப்பு இருமலானது, இருமல் நிற்கவில்லை.

நவம்பரில் அவர் சுற்றுச்சாலை ஓரத்து முதியோர் இல்லத்துக்குப் போனார். அங்கே எல்லாம் பிளாஸ்டிக் ஜன்னல். சுவர் வெதுவெதுவென்று இருந்தது. "இங்க ஜன்னலத் தொறக்கவே விடமாட்டேங்கிறாங்க" என்று புலம்பினார். இருமல் பாதியாகக் குறைந்திருந்தது. வின்னி தினமும் மதியம் போய், இரவு உணவு மணி அடித்து வெளியே அனுப்பும்வரை உட்கார்ந்திருப்பார்.

ஆவணத்தைத் திருத்தும் வேலையை ஜோஸ்லின் வின்னியிடமே கொடுத்தாள். அவரைப்போல அழகாக எழுத வேறு ஆள் இல்லையாம். ஜன்னல் இடுக்குக் காற்றுக்காக விரல் நுனி வெட்டிய கையுறை போட்டுக்கொண்டு வின்னி அந்தப் பத்தியை அடித்து முடித்தார். இந்த முறை ஒரு வார்த்தையும் பொய்யில்லை.