ஏலத்துக்கு வந்த காபி

லேக் கார்டன்ஸில் நான் பார்த்துக்கொண்ட ஜம்புநாதன், துறைமுக அதிகாரியாக இருந்து ஓய்வுபெற்றவர். வயது எண்பத்திரண்டு. இடுப்பு ஆபரேஷனாகி மூன்று வாரமாகியும் நடக்க மறுத்தார். இன்னும் ஒரு வாரம் படுத்தே கிடந்தால் பிறகு எழவே முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"எங்க தாத்தா வெள்ளைக்காரனுக்கே கிஸ்தி கட்டமாட்டேன்னவர், சிஸ்டர். மாட்டை ஜப்தி பண்ணி ஏலம் போட்டான். ஊர்ல ஒருத்தன் கேக்கலையே! திரும்ப ஓட்டிண்டு வந்துட்டார். நீங்க என்னை என்ன பண்ணிடுவேள்?"

தினமும் இதே கதை. நான் நர்ஸாக வந்த ஐந்தாம் நாள் அவருடைய காலைக் காபியைக் கொண்டுபோய்ச் சாப்பாட்டு மேஜையில் வைத்தேன். கட்டிலிலிருந்து பன்னிரண்டு அடி தூரம்.

"காபியை ஜப்தி பண்ணியாச்சு, சார். ஏலம் கேக்கறவங்க கேக்கலாம்."

"இந்த ஆத்துல ஒருத்தரும் கேக்கமாட்டா!" என்று சிரித்தார்.

"நான் கேக்கறேன்" என்று அவர் மனைவி விஜயலக்ஷ்மி டம்ளரை எடுத்துக் குடிக்க ஆரம்பித்தார்.

"அடிப்பாவி! ஊரையே காட்டிக் குடுக்கறியே!"

"நான் வேற ஊராக்கும்!"

ஜம்புநாதன் வாக்கரைப் பிடித்து எழுந்துவிட்டார். நான் பக்கத்திலேயே நின்றேன், தொடவில்லை. பன்னிரண்டு அடியும் மாமியைத் திட்டிக்கொண்டே நடந்தார். போய்ச் சேர்ந்தபோது பாதிக் காபி மிச்சமிருந்தது. மறுநாள் முக்கால் டம்ளர் கிடைத்தது.