மவுஸைத் தொடாத ஷமீமா

ஷமீமா மௌத்தாகிவிட்டார் என்று அவர் தம்பி போன் செய்தபோது, கெலவரப்பள்ளி அணையில் மதகுத் தண்ணீரைப் படம் பிடித்துக்கொண்டிருந்தேன். சாவுச் செய்தி கேட்டதும் கேமராவை மூடிவிட்டேன். ஓசூரில் அவருடைய எடிட்டிங் கடைக்கு வந்துபோன உங்களுக்குச் சொல்ல என்னிடம் ஒரு சங்கதி உண்டு. நான் சொல்லச் சொல்ல மருமகள் எழுதுகிறாள்.

கம்பெனியில் தகடு அடிக்கும் பிரஸ் ஓட்டிய காலத்தில், ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு வீடியோ டெக் வைத்துக் கல்யாணக் கேசட் ஒட்டினவன் நான். கேசட் போனதும் விட்டுவிட்டேன். பேத்தியைக் கர்நாடகத்து ஆனேக்கல்லில் கட்டிக்கொடுத்தபோது ஆசை திரும்பி வந்தது. சம்பந்தி விருந்தில் நான் வெட்டின படத்தைத்தான் போடுவேன் என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேன்.

"படிக்கத் தெரியாத மனுசன் கம்ப்யூட்டர்ல வெட்டினா, தலை ஒரு பக்கம் உடம்பு ஒரு பக்கம்தான் வரும்" என்றார் மச்சான்.

கற்றுக்கொள்ள ஷமீமாவின் கடைக்குப் போனேன். அவர் அப்படிச் சொல்லவில்லை. "எழுத்து தெரியாட்டி என்னண்ணா, திரையில இந்தப் பிளேடு படம் தெரியுதில்ல? அதான் வெட்டுறது" என்றார். மவுஸை மட்டும் அவர் தொடவே மாட்டார். "நான் தொட்டா படம் என்னுதாயிடும்."

கேசட் காலத்தில், ஒட்டி முடித்த படம் மாஸ்டர் கேசட்டில் ஏறிவிட்டால், ஒரிஜினல் மேலேயே அடுத்த கல்யாணத்தைப் பதிவது எங்கள் வழக்கம். அதே நினைப்பில், வெட்டி முடித்ததும் ஒரிஜினல் எல்லாவற்றையும் கம்ப்யூட்டரிலிருந்து துடைத்துவிட்டேன். மறுநாள் திறந்தால் திரை முழுக்கச் சிவப்பு. பொண்ணு இல்லை, மாப்பிள்ளை இல்லை.

ஷமீமா விழுந்து விழுந்து சிரித்தார். "நீங்க வெட்டி வச்சதுல படம் இல்லண்ணா, படம் இருக்கிற விலாசம்தான் இருக்கு. நீங்க வீட்டையே இடிச்சிட்டீங்க."

பேரிகை கேமராக்காரரிடம் ஒரு நகல் இருந்தது. ஆனால் அதில் துண்டுகளின் பெயரெல்லாம் மாறியிருந்தது. எந்தத் துண்டு எங்கே என்று ஒவ்வொன்றாகக் கையால் காட்ட வேண்டும். விடிந்தால் விருந்து.

"நீயே போட்டுக் குடும்மா. எனக்குப் பேர் படிக்க வராது."

"மாட்டேன். பேரு மெசினுக்கு. யார் எங்க நின்னாங்கன்னு உங்களுக்குத் தெரியும்."

தெரிந்தது. தாரை வார்க்கும்போது பெரியவர் ஒருவர் இருமினார், அடுத்தது தாலி. பேத்தி மூக்கைச் சொறிந்தாள், அடுத்தது அட்சதை. ஒவ்வொன்றாக ஓடவிட்டுப் பார்த்துப் பார்த்து வைத்தேன். கடைசிச் சிவப்பும் படமாக மாறியபோது, பக்கத்தில் ஷமீமாவின் டீ ஆறிப்போயிருந்தது.

விருந்தில் சுவர் நிறையப் படம் ஓடியது. "சென்னாகிதே", நன்றாயிருக்கிறது என்று சம்பந்தியம்மா கன்னடத்தில் வாய்விட்டுச் சொன்னார். மச்சான் தான் வருகிற இடத்தை இன்னொரு தரம் போடச் சொன்னார். யார் வெட்டியது என்று ஆனேக்கல்காரர்கள் விருந்துக்கு வந்திருந்த ஷமீமாவிடம் போய்க் கேட்டார்கள்.

"அண்ணாதான். நான் டீ குடிச்சேன்" என்றார் அவர்.

இன்றைக்கு ஊரில் நாலு பேர் என்னிடம் படம் வெட்டக் கொடுக்கிறார்கள். ஷமீமாவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது இதுதான்: திரை சிவந்தால் இப்போதெல்லாம் யாரையும் கூப்பிடுவதில்லை. நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு உட்காருகிறேன்.