தனி அடுப்பு

“இன்னா பாப்பா, நீ படிச்சா எங்க வூட்ல வெளக்கு எரியுமா?”

யுத்த காலத்தில் ஒரு நாள், நான் புத்தகப் பையோடு தெருவில் போகும்போது சவரி அண்ணன் கேட்டது இது. ஹார்பரில் மூட்டை ஏற்றுகிற ஆள். ராயபுரத்தில் எங்கள் பக்கத்து அறை. எங்கள் வம்சத்திலேயே முதன்முதலாகப் பேனா பிடித்தவள் நான். எனக்கு ரோஷம் வராதா?

எரிய வைத்துக் காட்டினேன். அந்தக் கதையைத்தான் இந்த வாரம் எழுத வேண்டியிருக்கிறது.

அப்போது மண்ணெண்ணெய்க்கு ரேஷன். வீட்டில் எத்தனை பேர் என்று பார்க்க மாட்டார்கள் — கார்டுக்கு இவ்வளவு, அவ்வளவுதான். தெருவே இரண்டு கார்டுக்கு அலைந்தது. புருஷன் பெண்டாட்டி என்றால் ஒரே கார்டுதான். ஆனால் சவரி அண்ணனும், அதே அறையில் அவரோடு குடித்தனம் நடத்திய ராசம்மா அக்காவும் கல்யாணம் செய்துகொள்ளவில்லையே!

அதற்குக் காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. அவர் சர்ச்சில்தான் என்பார். அக்கா கோயிலில்தான் என்பாள்.

“உங்க பாதர் என் பேரை மாத்துவாராமே? மாத்திப் பாக்கச் சொல்லு!”

“உங்க பூசாரி மட்டும் என்னை வுட்ருவானா? மூஞ்சி பூரா பட்டை அடிச்சிருவான்!”

இந்தப் பஞ்சாயத்து முடியாமலே பதினோரு வருஷம் ஒரே தட்டில் சோறு தின்றார்கள்.

எட்டாம் வகுப்புப் படித்த நான்தான் ரேஷன் விண்ணப்பங்களைப் பூர்த்தி செய்தேன். சவரிமுத்து — நபர் ஒன்று. ராசம்மாள் — நபர் ஒன்று. ‘தனிச் சமையலா?’ என்ற கேள்விக்கு இரண்டிலும் அழகாக எழுதினேன்: ‘ஆம். தனி அடுப்பு.’ இரண்டு கார்டு வந்தது. இரண்டு பங்கு எண்ணெய் வந்தது. விளக்கு எரிந்தது. சவரி அண்ணன் எனக்கு ஒரு பொட்டலம் வேர்க்கடலை வாங்கிக் கொடுத்து, “படிப்புன்னா படிப்புதான்!” என்றார். தெருவில் இன்னும் பல வீடுகளுக்கு எழுதிக் கொடுத்தேன். எத்தனை பெருமை எனக்கு!

யுத்தம் முடிந்து வருஷங்கள் ஆயின. ஆறு மாதத்துக்கு முன்னால் ஹார்பரில் கிரேன் சங்கிலி அறுந்தது. அடியில் சவரி அண்ணன்.

வேலையில் இறந்தால் மனைவிக்கு நஷ்ட ஈடு உண்டு என்று சட்டம் இருக்கிறது. இப்போது நான் டீச்சர் அல்லவா... மனுவை நான்தான் எழுதினேன். போன செவ்வாய்க்கிழமை அக்காவோடு நஷ்ட ஈட்டு ஆபீஸுக்குப் போனேன். கோணி தைத்துத் தைத்துக் காய்த்துப்போன கைகளை மடியில் மறைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

குமாஸ்தா கெட்டவர் இல்லை. “கல்யாணப் பதிவு இல்லேன்னாலும், இத்தனை வருஷம் புருஷன் பெண்டாட்டியா வாழ்ந்தாங்கன்னு நாலு பேர் சாட்சி சொன்னா பார்க்கலாம்மா. ஆனா இது?” என்று ஃபைலைத் திருப்பினார்.

ரேஷன் ஆபீஸிலிருந்து வரவழைத்த அந்தப் பழைய விண்ணப்பங்கள். என் கையெழுத்து. குண்டு குண்டாக. தனி அடுப்பு.

“ஒரே நம்பர் வீட்டுல தனித்தனியா குடியிருந்தவங்கன்னு சர்க்கார் ரிக்கார்டே சொல்லுதே?”

அக்கா எழுந்துவிட்டாள். “எட்டுக்கு எட்டு ரூம்பு சார் அது. அதுல ரெண்டு அடுப்பு வச்சா நாங்க எங்க படுக்கறது, ஹார்பர்லயா?”

பக்கத்து மேஜைக்காரர் சிரித்தார். குமாஸ்தா சிரிக்கவில்லை. “வாரிசு யாரும் இல்லைன்னு ஃபைலை மூடிடுவாங்கம்மா” என்றார் மெதுவாக.

பொய்யை எழுதியபோது ஒருத்தரும் வந்து அறையை எட்டிப் பார்க்கவில்லை. உண்மையைச் சொல்லும்போது மட்டும் ரிக்கார்டு கேட்கிறார்கள். என்ன உலகம் இது?

திரும்பி வரும் வழியெல்லாம் அக்கா என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். வீட்டு வாசலில் ஒன்றே ஒன்று கேட்டாள்: “அப்போ நான் அவருக்கு யாருமே இல்லியா சரோ?”



ஹெட்மிஸ்ட்ரஸிடம் சொன்னேன். “ரேஷன்ல பொய் எழுதினேன்னு டீச்சரே எழுதிக் கொடுத்தா உன் வேலை நிலைக்குமா? அப்படிக் கொடுத்தாலும் அவளுக்குக் கிடைக்கும்னு என்ன நிச்சயம்?” என்றார். இரண்டும் நியாயமான கேள்விதான். சவரி அண்ணன் அன்று விளக்கைப் பற்றிக் கேட்டதைப் போல.

முந்தாநாள் எழுதிவிட்டேன். அந்த அறையில் இருந்தது ஒரே அடுப்பு, பொய் எழுதியவள் நான் — கீழே என் பெயர், பள்ளிக்கூட விலாசம். அந்த ஆபீஸுக்கே ரிஜிஸ்தர் தபாலில் போட்டாயிற்று.

எழுத்து இன்னும் அதே குண்டு எழுத்துதான்... ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளட்டும்.