வேலிகாத்தான் முளைத்த கீரைப்பாத்தி

திருமுல்லைவாயிலில் அடுக்குமாடிகளுக்கு நடுவே எட்டு சென்ட் காலிமனை. சொந்தக்காரர் கிருபாகரன், வேலப்பன்சாவடியில் குடியிருக்கும் கம்ப்யூட்டர்காரர். ஆறு வருஷமாக அதில் நாகம்மா கீரை போடுகிறாள். வாடகை கிடையாது. ஒரே ஒரு நிபந்தனைதான்: "வேலிகாத்தான் முள்ளு மட்டும் மண்டக் கூடாதும்மா. ஒரு செடி பார்த்தாலும் இடத்தைத் திருப்பி வாங்கிக்குவேன்." புருஷன் போன பிறகு அவள் வீட்டில் அடுப்பு எரிவது இந்த அரைக்கீரையால்தான். ஐம்பத்தெட்டு வயதில் வேறு வேலை யார் கொடுப்பார்கள்?

மண்ணும் லேசுப்பட்ட மண்ணல்ல, பாதி கட்டட இடிபாடு. எருவில்லாமல் ஓர் இலை வராது. சாணி கொடுத்துக்கொண்டிருந்த எதிர்த்தெருப் பால்காரர் இந்த வருஷம் மாடுகளை எல்லாம் விற்றுத் தொலைத்தார். நாகம்மா அலையாத இடமில்லை. கடைசியில் ஏரிக்கரையில் ஆடு மேய்க்கும் உத்தமன்தான் நாலு மூட்டைப் புழுக்கை கொடுத்தான்.

"பச்சைப் புழுக்கை இது, அக்கா. மூணு மாசம் குமிச்சு மக்கவுட்டு அப்பால போடு."

"மூணு மாசம் நான் இன்னாத்தத் துன்றது நைனா?"

அப்படியே கொட்டிவிட்டாள். அந்த ஆடுகள் தின்பதெல்லாம் வேலிகாத்தான் காய், சீமைக்கருவேலங்காய். கொட்டை செரிக்காமல் புழுக்கையோடு வந்து விழும். அவளுக்குத் தெரியாதா? நன்றாகவே தெரியும். பாழும் வயிறு கேட்கவில்லை.

கீரை தளதளவென்று வந்தது. ஒரு சனிக்கிழமை, இரண்டாம் அறுப்புக்குக் குனிந்தவளின் விரலில் சுருக்கென்று தைத்தது. விலக்கிப் பார்த்தாள். பாத்திக்குப் பாத்தி, சாண் உயரத்துக்கு வேலிகாத்தான். விடிந்தால் கிருபாகரன் இடத்தைப் பார்க்க வருகிறார்!

பிடுங்கினாள். வேர் ஆழத்தில் ஓடியிருந்தது, செடி பாதியில் அறுந்தது. கடப்பாரையால் தோண்டினாள். கீரையும் கூடவே பெயர்ந்தது. ஆனது ஆகட்டும் என்று எல்லாவற்றையும் சேர்த்து வாரினாள். பொழுது சாய்வதற்குள் எட்டு சென்டும் மொட்டை. கையெல்லாம் ரத்தம். போகட்டும், இடம் தங்கினால் இருபத்தைந்து நாளில் மறுபடி கீரை.

காலையில் வந்த கிருபாகரன் வெறும் மண்ணைப் பார்த்தார். அவர் முகத்தில் நிம்மதி.

"கீரை போடறதை விட்டுட்டீங்களாம்மா? நல்லதாப் போச்சு. ஃப்ளாட்காரங்க கார் நிறுத்த இடம் கேட்டுட்டே இருக்காங்க. பச்சையா நிக்கிற பயிரை எப்படி அழிக்கச் சொல்றதுன்னுதான் இத்தனை நாளா எனக்கு வாய் வரல."

நாகம்மா ஓரடி முன்னால் வந்தாள். முள் முளைத்ததைச் சொன்னாலும் இடம் போச்சு, சொல்லாவிட்டாலும் போச்சு. நாசமாய்ப் போன அவசரம்!

"ஐயோ, வுடல சார்! இன்னிக்கி வெதைக்கத்தான்..."

அவர் அதற்குள் ஃபோனை எடுத்துவிட்டார். "நாளைக்கே ஜல்லி கொட்டிக்கலாம் சார்," என்று யாரிடமோ சொன்னார்.

நாகம்மா விதை முடிந்திருந்த முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். சமன்படுத்தாத, தண்ணீர் காட்டாத மண்ணில் விதையைப் பிடிபிடியாக வீசினாள். வீசிக்கொண்டே அவர் பின்னால் ஓடினாள்.

"வெதை போட்டாச்சு சார்! பாரு சார், பயிரு கீது சார்! பயிரு கீது!"

அவர் ஒரு காதைப் பொத்திக்கொண்டு ஃபோனில் பேசியபடியே காரில் ஏறினார்.